வலது கண்ணுக்கு ஒரு கண்ணாடி

எனக்கு ஒரு கண்தான். இடது கண் முகத்தில் இருக்கிறது, இமை மூடித் திறக்கிறது, அழுதால் தண்ணீர்கூட வருகிறது. பார்வை மட்டும் இல்லை. படகுப் பட்டறையில் வேலை செய்து போன கண் அது. அதனால் பாதுகாப்புக் கண்ணாடி வாங்கிய கதையை நான் எழுதும்போது ஏதோ செருப்பு வாங்கிய கதை என்று நினைத்துக்கொண்டு படிக்க வேண்டாம்.

பட்டறை எங்கள் தீவில் பாம்பூஃப்ளாட் பக்கம், கடலை ஒட்டித் தகரக் கூரை போட்ட இடம். ஃபைபர் படகு செய்வோம், பழைய படகுக்கு ஒட்டுப் போடுவோம். அச்சின் மேல் நார்ப்பாயை விரித்து, ரெசின் என்கிற பசையை ஊற்றி, ரோலரால் தேய்ப்பார்கள். காய்ந்ததும் விளிம்பை கிரைண்டரால் சீவ வேண்டும். சீவுவது என் வேலை. ரெசின் கலக்குவது ஒரு வங்காளிப் பெண். அவள் என்னை தீதி, அதாவது அக்கா, என்பாள், நான் அவளை தீதி என்பேன். யார் மூத்தவள் என்று இன்றுவரை தீரவில்லை. முதலாளி ராமநாதபுரத்துக்காரர். நான் தெற்கே கச்சால் தீவில் பிறந்தவள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ரப்பர் வெட்ட வந்தவர்களின் மகள். கல்யாணமாகி இந்தத் தீவில் லம்பா லைன் என்ற ஊருக்கு வந்தேன். தினமும் பஸ்ஸில் சாத்தம் படகுத்துறை, அங்கிருந்து ஃபெர்ரியில் பாம்பூஃப்ளாட்.

இடது கண் எப்படிப் போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலாளி எனக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி கொடுத்திருந்தார். நடைபாதையில் வாங்கியது. "வெயிலுக்கும் ஆச்சு, தூசிக்கும் ஆச்சு" என்றார். நானும் போட்டுக்கொண்டேன். ஒரு நாள் கிரைண்டர் டிஸ்க் விளிம்பு பிய்ந்து வந்து அதில் அடித்தது. டிஸ்க்கின் துண்டு என் கண்ணுக்குள் போகவில்லை. கண்ணாடியின் துண்டுதான் போனது. என்னைக் காப்பாற்றக் கொடுத்த பொருள்தான் என் கண்ணைக் குத்தியது. அன்றிலிருந்து யாராவது "நல்ல சாமான்" என்று சொன்னால் எனக்கு வயிறு எரியும்.

சென்னை வரை போய்ப் பார்த்தாகிவிட்டது. டாக்டர் சொன்னது ஒன்றுதான்: மிச்சமிருக்கும் கண்ணுக்கு, தூங்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் உடையாத பிளாஸ்டிக் கண்ணாடி போட வேண்டும். பாலிகார்பனேட் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். வேலையை விடச் சொல்லி வீட்டுக்காரர் கெஞ்சினார். விட்டால் எனக்கு வேறு என்ன தெரியும்? கை பழகியது அந்த கிரைண்டருக்குத்தான். திரும்பப் போனேன். ஒரு நிபந்தனை போட்டேன். கண்ணாடியை நானே போய்ப் பார்த்து எடுப்பேன்.

பஜாரில் ஒரு ஹார்டுவேர் கடை. கடைக்காரர் தூத்துக்குடிப் பக்கம், அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். சீட்டை நீட்டினேன்.

"எல்லாமே அதான்மா. ஒரிஜினல்."

"ஒரிஜினல்னு எப்படி நம்புறது?"

"இதுல எழுத்து போட்ருக்கு பாருங்க. கண்ணாடியிலயும் இருக்கு, காதுல மாட்டுற கம்பியிலயும் இருக்கு."

"எழுத்து அடிக்கிறதுக்கு என்ன, மெஷின் இருந்தா நான்கூட அடிப்பேன்."

"அப்ப கப்பல்ல ஏறி மெட்ராஸ் போய் கம்பெனியிலயே கேளுங்க" என்றார். கடையில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்கு ரெண்டு கண் இருக்கிறது.

எதையெல்லாம் தள்ளினேன் என்று சொல்கிறேன். முதலில் காட்டியது சுற்றிலும் ரப்பர் வைத்து முகத்தோடு ஒட்டும் சாமான். தூசிக்கு அதுதான் நல்லது என்றார். உண்மைதான். ஆனால் இந்த ஊர் புழுக்கத்தில் ரெண்டு மூச்சு விட்டதும் உள்ளே ஆவி படிந்துவிட்டது. ரெண்டு கண் இருப்பவனுக்கு அது தொந்தரவு. எனக்கு அது ஓடுகிற கிரைண்டரைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பதற்குச் சமம். அடுத்தது பெரிய சட்டம், ஆம்பளை முகத்துக்குச் செய்தது. கன்னத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் என் விரல் நுழைந்தது. விரல் நுழையும் இடத்தில் துண்டு நுழையாதா? மூன்றாவது கறுப்பு. அதை எடுத்த கையோடு கீழே வைக்கச் சொன்னேன். தகரக் கூரைக்குள் நிழலில் கறுப்புக் கண்ணாடி போட்டால் என்ன தெரியும்? அதோடு, கறுப்பைப் பார்த்தாலே எனக்கு ஆகாது.

நான்காவது வெள்ளைக் கண்ணாடி. வளைந்து பக்கம் வரை மூடியது. என் இடது பக்கம் எது வந்தாலும் எனக்குத் தெரியாது என்பதால் பக்கம் மூடுவது முக்கியம். கம்பியை நீட்டலாம், குறுக்கலாம். மூக்குக்கு மெத்தென்ற ரப்பர். மாட்டிக்கொண்டு குனிந்தேன், நிமிர்ந்தேன், தலையை மேலும் கீழும் பக்கவாட்டிலும் உலுக்கினேன். கொண்டை அவிழ்ந்துவிட்டது. கண்ணாடி விழவில்லை.

"ஏம்மா, சாமி வந்திட்டா? கற்பூரம் கொளுத்தட்டா?" என்றார் அண்ணாச்சி.

"ரெண்டு குடுங்க. ஒண்ணு போட, ஒண்ணு உடைக்க."

அவர் ஒன்றைக் கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்தார். இன்னொன்றுக்கு உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்துதான் வந்தார். அதை நான் கவனித்தேன், மனதில் வைத்துக்கொண்டேன்.

பட்டறையில் ஒரு மரக்கட்டை மேல் அலமாரியில் இருந்த கண்ணாடியை வைத்தேன். ஒரு பெரிய பேரிங் குண்டை எடுத்துக்கொண்டு கவிழ்த்து வைத்த படகின் மேல் ஏறி நின்றேன்.

"பாகல் ஹோ கயீ க்யா தீதி?" என்றாள் வங்காளி தீதி. புதுக் கண்ணாடியை உடைக்கப் பார்க்கிறாயே, பைத்தியமா என்று.

மேலேயிருந்து குண்டைப் போட்டேன். டணாரென்று துள்ளி ஓடியது. கண்ணாடியில் சின்னத் தழும்பு, அவ்வளவுதான். மறுபடி போட்டேன். மூன்றாம் முறையும் போட்டேன். உடையவில்லை. அதைத் துணியில் சுற்றி மேல் பலகையில் வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்துக் கம்பியின் உட்பக்கம் ஆணியால் ஒரு சிலுவைக் கோடு கீறினேன். முதலாளி என்றைக்காவது மலிவானதை மாற்றி வைத்துவிட்டால் எனக்குத் தெரிய வேண்டும்.

நாலு மாதம் அதைப் போட்டு வேலை செய்தேன். மழை நின்று வெயில் ஏறிய நேரம். ஒரு படகின் விளிம்பைச் சீவிக்கொண்டிருந்தேன். காய்ந்த ரெசின் துண்டு ஒன்று, புளியங்கொட்டை அளவுகூட இருக்காது, தெறித்து வலது கண்ணாடியில் அடித்தது. சட்டென்று ஒரு சத்தம். கண்ணாடி ரெண்டாகப் பிளந்தது. கன்னத்தில் சுரீரென்றது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். எதுவோ சூடாக வழிந்தது.

கிரைண்டரை நிறுத்தினேனா, கீழே போட்டேனா, தெரியாது. மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணைத் திறக்கப் பயம். திறந்தால் இருட்டாக இருந்தால் என்ன செய்வது? மூடியிருக்கும் வரை மூடியிருப்பதால் இருட்டு என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா. அந்த நேரத்தில் நான் பிள்ளைகளை நினைக்கவில்லை, சாமியைக் கும்பிடவில்லை. வீட்டுக்குப் போகும் வழியைத்தான் நினைத்தேன். ஃபெர்ரியின் பலகையில் எப்படிக் கால் வைப்பேன், எத்தனை படி, பஸ்ஸில் யார் ஏற்றிவிடுவார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ஆங்க் கோலோ தீதி! கோலோ!" கண்ணைத் திற, திற என்று கத்திய வங்காளி தீதி என் தாடையைப் பிடித்துக்கொண்டு, அவள் குடிக்க வைத்திருந்த தண்ணீரை முழுக்க என் முகத்தில் ஊற்றினாள். திறந்தேன். முதலில் சிவப்பு. பிறகு அவள் கையிலிருந்த வெள்ளைச் சங்கு வளையல் தெரிந்தது. வளையலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்டு இமைக்குக் கீழே ஒரு விரல்கடை தள்ளி. ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள்.

மறுநாள் எனக்கு அழுகை இல்லை. கோபம்தான். முதலில் முதலாளியைத்தான் சந்தேகப்பட்டேன். உடைந்த கண்ணாடியின் கம்பியைத் திருப்பிப் பார்த்தேன். சிலுவைக் கோடு இருந்தது. சரி, மாற்றவில்லை. அப்படியென்றால் அண்ணாச்சிதான். சோதிக்க நல்லதைக் கொடுத்திருக்கிறார், போட மட்டமானதைக் கொடுத்திருக்கிறார். உள்ளே போய் எடுத்து வந்தது எதற்கு? அலமாரியில் இருந்தது வேறு, உள்ளேயிருந்து வந்தது வேறு. எனக்கு எல்லாம் பொருந்தி வந்தது.

கட்டுப்போட்ட முகத்தோடு கடைக்குப் போனேன். சனிக்கிழமை, கூட்டம். உடைந்ததை மேசையில் வைத்தேன்.

"இதுதான் உங்க ஒரிஜினல். உங்க பொண்டாட்டி கண்ணுக்கு இதைப் போடுவீங்களா அண்ணாச்சி?"

அவர் முகம் செத்துவிட்டது. "ஐயோ. கண்ணு?"

"கண்ணு இருக்கு. உங்க புண்ணியத்துல இல்ல."

அவர் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூக்கு ரப்பர் ஓரத்திலும், கம்பி சேரும் திருகைச் சுற்றியும் மயிர்க்கோடு மாதிரி நிறைய வெடிப்புகள். அதை நானும் முன்பே பார்த்திருந்தேன். கீறல் என்று விட்டிருந்தேன்.

"இத எத வச்சித் தொடைக்கிய?"

"ஏன்? உங்க சாமானை நான் எதை வெச்சு தொடைச்சா என்ன?"

"கோவப்படாம சொல்லுங்கம்மா. தண்ணியா, வேற எதும் மருந்தா?"

தப்பிக்கப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். விற்கிறவன் கடைசியில் வாங்கினவள் தலையில்தானே கட்டுவான்.

"தின்னர், பெட்ரோல், அசிட்டோன், இதுல ஏதாச்சும் பட்டா இந்தக் கண்ணாடி செத்துப் போவும். பாக்க நல்லாத்தான் இருக்கும். உள்ளுக்குள்ள வெடிச்சிரும். நான் சொன்னா நம்ப மாட்டிய. நீங்க உடைக்கதுக்குன்னு ஒண்ணு வாங்கினியளே, அது இருக்கா?"

"இருக்கு."

"அதையே தொடச்சிப் பாருங்க. அப்புறம் வந்து என்னைய செருப்பால அடிங்க."

திரும்பி வரும்போது ஃபெர்ரியில் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஆனால் அவர் அசிட்டோன் என்று சொன்ன இடத்தில் எனக்குள் ஏதோ இறங்கிவிட்டது.

எங்கள் பட்டறை நடக்கும் விதத்தை இங்கே சொல்ல வேண்டும். ரெசின் ஒட்டினால் தண்ணீரில் போகாது. அசிட்டோன்தான் வேண்டும். அது பீப்பாயில் இருக்கும், மூலைக்கு மூலை டப்பாவில் திறந்து வைத்திருப்போம். பிரஷ் கழுவ அது, கை கழுவ அது, கத்தி துடைக்க அது. தண்ணீர் அப்படி இல்லை. வெயில் மாதங்களில் குழாயில் தண்ணீர் தினமும் வராது, ரெண்டு நாள், மூன்று நாள் ஆகும். மழையோ வெயிலோ, டாங்கிக்கு முதலாளி பூட்டுப் போட்டிருக்கிறார். சாவி அவர் இடுப்பில். குடிக்க மட்டும்தான் திறப்பார். அதனால் எங்களுக்கு எல்லாம் அசிட்டோன்தான். கண்ணாடியில் தூசி ஒட்டினால் டப்பாவில் துணியைத் தொட்டு ஒரு துடை. பளபளவென்று ஆகிவிடும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை துடைப்பேன். ஒற்றைக் கண்காரிக்குக் கண்ணாடி சுத்தமாக இருக்க வேண்டும் அல்லவா, மற்றவர்களைவிட நான்தான் அதிகம் துடைத்தேன்.

மேல் பலகையிலிருந்து துணியில் சுற்றிய கண்ணாடியை எடுத்தேன். முதலில் குண்டைப் போட்டேன், நாலு மாதத்தில் அதுவாகவே கெட்டிருக்குமோ என்று. உடையவில்லை. பிறகு ஒரு வாரம் அதைத் துடைத்தேன். வேலை செய்யாமல், கிரைண்டரைத் தொடாமல், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எப்போதும் போலத் துடைத்து வைத்தேன்.

"என்னத்தா இது, சம்பளத்துக்கு கண்ணாடி தொடைக்கிற?" என்று முதலாளி கத்தினார். "அந்தப் படகு சீவாமக் கெடக்கு. ஆள் போன் மேல போன் போடுறான்."

"நீங்க சீவுங்கண்ணே. உங்களுக்கு ரெண்டு கண்ணு இருக்கு."

நாலாம் நாள் திருகைச் சுற்றி மயிர்க்கோடு தெரிந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. அண்ணாச்சி பொய்யராக இருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். ஏழாம் நாள் படகு மேல் ஏறினேன். வங்காளி தீதி இந்த முறை பைத்தியமா என்று கேட்கவில்லை, பிரஷ்ஷைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். குண்டைப் போட்டேன். அதே குண்டு, அதே உயரம், நாலு முறை தாங்கின அதே கண்ணாடி. மூக்கு ஓரத்திலிருந்து மேல் வரை பிளந்துவிட்டது.

கீழே இறங்கி அந்தத் துண்டுகளைப் பொறுக்கினேன். முதலாளி மாற்றி வைக்கவில்லை. கடைக்காரர் ஏமாற்றவில்லை. நான்தான் நாலு மாதம் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை என் கண்ணுக்கு முன்னால் இருந்ததைக் கொன்றிருக்கிறேன். இருக்கும் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். என் கையிலிருந்த துணியைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

இதற்காக அண்ணாச்சியிடம் மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. போனேன். உண்மையைச் சொன்னேன். "நீங்க சொன்னதுதான் சரி. ஆனா இது தெரிஞ்ச மனுஷன் விக்கும்போதே ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலியேம்மா."

"கண்ணு போனவ வந்து நிக்கிறா, கேட்டாத்தான் சொல்லுவீங்களா?"

அவர் புதிதாக ஒன்று எடுத்தார். நான் பெட்டியோடு கொண்டுவரச் சொல்லி, என் கையால் நடுவிலிருந்து ஒன்றை உருவினேன். சரியென்று தெரிந்த பிறகும் அப்படித்தான் செய்தேன். இனிமேலும் அப்படித்தான் செய்வேன்.

பிறகு முதலாளியிடம் போனேன். "தினமும் அஞ்சு லிட்டர் தண்ணி வேணும். கண்ணாடி கழுவ மட்டும். சோப்பும் வேணும்."

"கண்ணாடி கழுவ தண்ணியா? குடிக்கவே இல்லாமக் கெடக்கோம்" என்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "வீட்டுக்குக் கொண்டு போறதுக்கா?"

எனக்கு ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தது. உடைந்த ரெண்டு கண்ணாடியையும் அவர் மேசை மேல் போட்டேன். "ஒரு கண்ணு உங்க கறுப்புக் கண்ணாடியில போச்சு. ஒண்ணும் கேக்காம திரும்ப வந்தேன். இந்தக் கண்ணும் போனா நான் வீட்டுக்குப் போக மாட்டேன்ண்ணே. உங்க வீட்டு வாசல்ல வந்து உக்காருவேன். உங்க பொண்டாட்டி எனக்குச் சோறு ஊட்டட்டும்."

வங்காளி தீதி பின்னாலேயே வந்து நின்றாள். அவள் கண்ணாடியையும் கழற்றி மேசை மேல் வைத்தாள். அதிலும் திருகைச் சுற்றி மயிர்க்கோடு. அவர் அதை எடுத்துப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தன் கண்ணாடியையும் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தார். அதையும் அவர் அந்த டப்பாவில்தான் துடைப்பார். அதன் பிறகுதான் "சரி, நாளைக்கு வைக்கிறேன்" என்றார்.

மறுநாள் ஒரு வெள்ளை கேனில் தண்ணீர் இருந்தது. விரலை விட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. பின்பக்கக் கிணற்றுத் தண்ணீர். அது காய்ந்தால் கண்ணாடி மேல் உப்புப் பொடி நிற்கும், துடைத்தால் அறுக்கும். கேனைத் தூக்கி அவர் முன்னாலேயே மண்ணில் கவிழ்த்தேன். அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து டாங்கியைத் திறந்தார்.

இரண்டாவது கேனிலும் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். நல்ல தண்ணீர். புதுக் கண்ணாடியைச் சோப்புப் போட்டுக் கழுவி, உதறி, புதுத் துணியால் ஒற்றி மாட்டிக்கொண்டேன். அசிட்டோன் டப்பாவைக் காலால் தள்ளி எனக்கு எட்டாத தூரத்தில் வைத்துவிட்டு, அந்தப் படகைச் சீவ உட்கார்ந்தேன்.